நியூஜெர்ஸி டீ செடியை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

டொரொன்டோ ஹை பார்க்கில் கருப்பு ஓக் மரங்கள் எட்ட எட்ட நிற்கும் புல்வெளி ஒன்று உண்டு. அங்கேதான் இந்த நியூஜெர்ஸி டீ செடியைப் பார்த்தேன். ஜூலை தொடக்கம், இடுப்புக்குக் கீழே நிற்கும் குத்துச்செடி, வெள்ளைப் பூங்கொத்துகள். தாவரப் பெயர் சியானோதஸ் அமெரிக்கானஸ்.

பூவை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மெடோஸ்வீட் என்ற குத்துச்செடியும் அதே சமயத்தில் வெள்ளையாகத்தான் பூக்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு சேரும் இடத்திலிருந்தே மூன்று நரம்புகள் பிரிந்து நுனிப் பக்கம் ஓடும். இலந்தை இலையைக் கவனித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இரண்டும் ஒரே குடும்பம்தான். மெடோஸ்வீட்டில் நடு நரம்பு மட்டும்தான் எடுப்பாக இருக்கும். டாக்வுட் என்ற புதர்ச்செடியோ என்று சந்தேகம் வந்தால் இலை விளிம்பைத் தடவுங்கள். டாக்வுட்டுக்குப் பல் கிடையாது, இதற்குப் பொடிப் பற்கள் உண்டு.

சியானோதஸ் ஹெர்பேசியஸ் என்று இன்னொரு இனமும் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. அதன் இலை குறுகல், பூப்பதும் முன்னதாகவே. அதில் கொத்து இளங்கிளையின் நுனியில் வரும். அமெரிக்கானஸில் இலைக் கக்கத்திலிருந்து நீளமான காம்பில் எழும்பி நிற்கும். எனக்கு உறுதியளித்தது இந்தக் காம்புதான்.

2000-லிருந்து மாநகராட்சி அந்தப் புல்வெளியின் சில பகுதிகளுக்கு வசந்தகாலத்தில் திட்டமிட்டுத் தீ வைக்கிறது. பார்க்கிறவர்களுக்குப் பதறும். ஆனால் இதன் வேர் ஆழமானது, மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். தீ இல்லாவிட்டால் புதரும் நிழலும் மூடி இது ஒழிந்துபோகும்.

*

மறுமொழி: அண்ணா, பனிக்காலத்திலும் கண்டுபிடிக்கலாம். காய் மூன்று பகுதியாக வெடித்து விதை சிதறிய பிறகு, காம்பு நுனியில் சாம்பல் நிறத்தில் குட்டித் தட்டுகள் மிஞ்சி நிற்கும். எனக்குப் பூவைவிட அதுதான் சுலபமான அடையாளம். ஹியூரான் ஏரிக்கரையில் பைனரி மாகாணப் பூங்காவுக்குப் போனால் தேடிப் பாருங்கள். மாட்டில்டு டஸ்கிவிங் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு சியானோதஸ் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. அங்கே அற்றுப்போயிருந்த அந்தப் பூச்சியை 2021-இல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

*

மறுமொழி: காட்டிலிருந்து பிடுங்கி வந்து வீட்டில் நடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்த வேரை முழுசாகத் தோண்டி எடுக்க முடியாது, செடி செத்துவிடும். உள்ளூர்ச் செடி விற்கும் நாற்றங்காலில் விதை வாங்குங்கள். கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி ஆறவிட்டு, ஈர மணலோடு இரண்டு மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்தால் முளைக்கும். அப்புறம் கம்பி வலை கட்டாயம். முயலுக்கு இதன்மேல் அப்படியொரு ஆசை. டீயா? 1773-இல் பாஸ்டனில் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டியதற்குப் பிறகு அங்கே இந்த இலையைத்தான் காய்ச்சிக் குடித்தார்களாம். காஃபின் கிடையாது. காலையில் நமக்கு அது சரிப்படாது.