பக்கவாதத்தில் படுத்த மாமியார், பகலில் நான் ஒருத்திதான். யாரிடம் உதவி கேட்பது?

வைகைக்கரை:
மாமியாருக்கு 74 வயசு, இடது பக்கம் விழுந்துடுச்சு. டிஸ்சார்ஜ் ஆகி மூணு வாரம். ஏர் பெட் போட்டும் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியிற இடத்தில் தோல் கருஞ்சிவப்பா இருக்கு. அரசு தரப்பில் வீட்டுக்கு வந்து பார்ப்பாங்களா? இல்ல ஏஜென்சியில் ஆள் வைக்கணுமா?

வார்டு நம்பர் 6:
ஆள் தேடுறதுக்கு முன்னாடி அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்க. வெளுக்கலைன்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சு. கருத்த தோலில் நிறம் ஏமாத்தும்; சுத்தி உள்ள இடத்தைவிடச் சூடா, கெட்டியா இருக்கான்னும் தொட்டுப் பாருங்க. தேய்க்கக் கூடாது. ஓட்டை வச்ச ரப்பர் வளையமும் வேண்டாம், ஓரத்தில் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

ஏர் பெட் வந்ததும் திருப்புறதை விட்டுடுறாங்க, தப்பு அங்கதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பியே ஆகணும். முழுசா ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்ச்சாப் போதும். இப்போதைக்கு மல்லாக்க வேண்டாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வச்சா குதிகால் படுக்கையில் படாது. இடது கையைப் பிடிச்சு இழுத்தா தோள்பட்டை இறங்கிடும். பழைய காட்டன் சேலையை ரெண்டா மடிச்சு தோளிலிருந்து தொடை வரை அடியில் விரிச்சு, அதைப் பிடிச்சுத் தூக்கி நகர்த்துங்க.

பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேரா கையை விட்டுப் பாருங்க. உடம்பு கையில் இடிச்சா காத்து பத்தல. மேலே ரெக்சின், போர்வைன்னு அடுக்கினாலும் பெட் போட்டதே வீண்.

கிராமச்செவிலி:
தமிழக அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் ஆரம்பிச்சது. பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்னு பலர் நினைக்கிறாங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வலி நிவாரண செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வர்றதும் அதில்தான். டிஸ்சார்ஜ் சம்மரி நகலோட உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், 'படுத்த படுக்கை, புண் ஆரம்பம்'னு சொல்லிப் பதிவு பண்ணுங்க. வெறுமனே 'வயசானவங்க'ன்னு சொன்னா மாத்திரைப் பட்டியலில் சேர்த்துட்டுப் போயிடுவாங்க.

14567 முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. வழி சொல்லுவாங்க, கூட இருந்து பார்த்துக்க ஆள் அனுப்ப மாட்டாங்க.

கணக்குப்புள்ள:
ஏஜென்சின்னா பகல் 12 மணி நேர ஆள் உங்களுக்குப் போதும்னு தோணுது. அட்டெண்டர் வேற, நர்ஸ் வேற. மூக்குக் குழாய் மாத்த, ஊசி போட அட்டெண்டரை விடாதீங்க. லீவு போட்டா மாத்து ஆள் எத்தனை மணிக்குள்ள, பாதியில் நின்னா முன்பணம் எவ்வளவு திரும்பும், இது ரெண்டையும் எழுத்தில் வாங்குங்க. திருப்பின நேரம், சாப்பாடு, சிறுநீர் எழுத ஒரு நோட்டு கட்டிலிலேயே தொங்கட்டும்.

வைகைக்கரை:
அழுத்திப் பார்த்தேன், வெளுக்கல. ஆனா தோல் கிழியல.

வார்டு நம்பர் 6:
அப்போ இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டுங்க. நீர் கசிஞ்சாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ, தோல் கருத்தாலோ அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.