புதுப்பிப்பு: முப்பது தாண்டி ஆஸ்பெர்கர் பரிசோதனை, முடிவு வந்துவிட்டது

வளர்ந்தவர்களுக்கு ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தோடு தொடர்புடைய நிலை) பரிசோதனை செய்ய சென்னையில் யாரிடம் போவது என்று கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முதலில் பார்த்த மனநல மருத்துவர் பதற்றத்துக்கு மாத்திரை எழுதியதோடு சரி. "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் போங்க, பழைய ரேங்க் கார்டோட அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றவரின் யோசனைதான் பலித்தது. ஆட்டிசத் தன்மைகள் இருக்கின்றனவா என்று நாமே நிரப்பும் 50 கேள்வி ஏ.கியூ. தாளை அந்த சைக்காலஜிஸ்ட் (உளவியலாளர்) முதற்கட்ட வடிகட்டலாக மட்டுமே எடுத்துக்கொண்டார், அப்புறம் சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டார். கிரைண்டர் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவேனாம், எனக்கே இப்போதுதான் தெரியும்!

எதிர்பாராதது ஒன்று: அறிக்கையில் ஆஸ்பெர்கர் என்றே இல்லை, 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், நிலை 1' (எவ்வளவு உதவி தேவை என்று பிரிக்கும் மூன்று நிலைகளில் மிகக் குறைவானது) என்று இருக்கிறது. 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 (மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) ஆஸ்பெர்கரைத் தனியாக வைக்காமல் இதற்குள் சேர்த்துவிட்டது, எனவே பழைய பெயரில் தேடி வருபவர்கள் குழம்ப வேண்டாம். ஆட்டிசத்துக்கென்று மாத்திரை எதுவும் தரவில்லை, பதற்றத்துக்கானது மட்டும் தொடர்கிறது.