ஊர்ப் பெயரில் பலகாரம்: சென்னையில் விற்கலாமா?

வேளச்சேரிவாசி: இங்கே தெருவுக்குத் தெரு ஆம்பூர் பிரியாணி, மணப்பாறை முறுக்கு என்று போர்டு. அந்த ஊரில் செய்தால்தான் அந்தப் பெயர் வைக்கலாம் என்று சட்டம் இருக்கிறதா?

பெரம்பூர் நண்பன்: சிலதுக்கு இருக்கு. பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு (அந்த ஊர்ப் பெயரை அங்கே செய்யும் பொருளுக்கே உரியதாக்கும் சட்டப் பதிவு) கிடைத்தது, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020, மணப்பாறை முறுக்குக்கு 2023. வாங்கி வந்து விற்பதில் தப்பே இல்லை, ஆனால் இங்கேயே சுட்டுவிட்டு மணப்பாறை என்று லேபிள் ஒட்டக்கூடாது. அந்த ஊர்க்காரர்களின் பிழைப்பு அது.

மயிலாப்பூர் ரசிகை: சட்டம் சரி, எனக்குப் பக்குவம்தான் முக்கியம். காஞ்சிபுரம் இட்லி என்று இங்கே பல ஓட்டலில் மிளகு, சீரகம் தூவிய சாதா இட்லியைத்தான் தருகிறார்கள். வரதராஜ பெருமாள் கோவில் இட்லியை மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, சுக்கும் மிளகும் சேர்த்து நிதானமாக வேகவைப்பார்கள், அந்த இலை வாசனை தட்டில் வார்த்தால் எப்படி வரும்?

வேளச்சேரிவாசி: அப்போ ஆம்பூர் பிரியாணி?

பெரம்பூர் நண்பன்: சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், கூடவே கத்திரிக்காய் தொக்கு. இந்த மூன்றும் இருந்தால் தைரியமாகச் சாப்பிடுங்க. பாஸ்மதி போட்டிருந்தால் அது வேறு பிரியாணி.