மொறிஸ் மைனர்: வைப்பர் பாதிக் கண்ணாடியில் நிற்கிறது

கேள்வி:
மைனர் 1000, லூக்காஸ் டிஆர்3ஏ வைப்பர் மோட்டர். சுவிட்ச் போட்டால் இரண்டு தரம் அசைந்து நின்றுவிடுகிறது, மோட்டர் கொதிக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய உதிரிப்பாகக் கடைகளில், வேறொன்று தேடுவதா?

பதில் 1:
அவசரப்படாதீங்க அண்ணை. சூடாகி நின்றால் பெரும்பாலும் இறுக்கம்தான். கியர் மூடியில் உள்ள குமிழ்மூடி எந்தப் பக்கம் நிற்குது என்று முதலில் கீறி அடையாளம் வையுங்க. இல்லையென்றால் பிளேட் பிறகு கண்ட இடத்தில் நிற்கும். கேபிள் றாக்கை (மோட்டரின் அசைவை வைப்பருக்குக் கொண்டுபோகும் பல்லுக் கம்பி) மோட்டரிலிருந்து விடுவித்து, வைப்பர் கைகளையும் கழற்றி, றாக்கில் ஸ்பிரிங் தராசு கொளுவி இழுங்க. 2.7 கிலோவுக்கு மேல் போனால் மோட்டரில் பிழையில்லை. றாக் ஓடும் குழாயிலும் வீல்பொக்ஸிலும் (வைப்பர் கையைத் திருப்பும் பல்லுச்சக்கரப் பெட்டி) பழைய கிறீஸ் மெழுகாக இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் பூசுங்க.

பதில் 2:
றாக் லேசாக ஓடினால் அம்மீற்றர் வையுங்க. 2.7 முதல் 3.4 அம்பியர் வரை சரி. கூட எடுத்தால் பெயாரிங் இறுக்கம், அல்லது ஆர்மேச்சர் (மோட்டருக்குள் சுழலும் சுருள்) ஷோர்ட். விட்டுவிட்டு ஓடினால் கொமியூற்றேற்றர் (ஆர்மேச்சர் முனையிலுள்ள செப்புத் துண்டுகள்) இடுக்குகளில் கரித்தூள். பெற்றோல் நனைத்த துணியால் துடையுங்க. பூட்டும்போது ஆர்மேச்சருக்கு 0.2–0.3 மில்லிமீற்றர் முனையாட்டம் (முன்பின்னாக அசைய இடைவெளி) விடவேண்டும். அதைச் சரிசெய்யும் ஸ்குரூவை முட்ட இறுக்கினால் திரும்பவும் கொதிக்கும்.

கேட்டவர்:
தராசு 4 கிலோவைத் தாண்டுது. இடது வீல்பொக்ஸ் கையாலேயே திரும்பவில்லை.