மல்பெரியைத் தேடினேன், கடற்பறவை வந்தது

ஓசூர்க்காரன்:
மல்பெரித் தோட்டத்தில் பழம் பறித்துத் தின்று நாக்கு கறுத்த ஆள் நான். பெங்களூரு ஹெப்பாளில் ஒரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்ததும் கொடுத்த வேலையும் மல்பெரிதான். அமெரிக்க உயிரித் தகவல் மையமான என்சிபிஐயின் வகைப்பாட்டு மரத்தில், மல்பெரியின் 'மோரஸ்' பேரினத்துக்குக் கீழே வரும் இனங்களை எல்லாம் திரட்ட வேண்டும். அந்த மரத்தில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு எண் உண்டு. பைத்தான் நிரல்மொழியில் இதற்கு ஈடிஈ என்று ஒரு நிரல் நூலகம் இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் எண் தரும், எண்ணைக் கொடுத்தால் கீழே உள்ள கிளைகளைத் தரும். பெயருக்கு வந்தது ஒரு பட்டியல். ஒரே எண்தானே இருக்கப்போகிறது என்று ஒன்றை மட்டும் உருவிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, குடும்பம் சூலிடேன்னு இருக்கு? இது பறவையாச்சே!" என்றார். கடலில் தலைகீழாகப் பாய்ந்து மீன் பிடிக்கும் கானெட் பறவைக்கும் மோரஸ்தான் பெயராம். மல்பெரி மரத்துக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்தது. பறவைக்குப் பறவையியலாளர் வியேயோ 1816இல் வைத்தது. தாவரப் பெயர்களுக்கு ஒரு விதித்தொகுப்பு, விலங்குகளுக்கு வேறு. ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்தாது. ஊருக்கு ஒரு முருகேசன் மாதிரி.

இப்போது பெயரை நம்புவதில்லை. மல்பெரி என்றால் 3497 என்று எண்ணையே எழுதிவிடுகிறேன். பெயர்தான் கையில் இருக்கிறது என்றால், வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் மூதாதை வரிசையை எடுத்து, அதில் 33090, அதாவது பசுந்தாவரங்கள், இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ராத்திரி ஷிப்ட்:
எனக்கு நூலகமே வேண்டாம், நானே எழுதுகிறேன் என்ற திமிர். வகைப்பாட்டு மரத்தின் ஒவ்வொரு முனைக்கும் பெற்றோர் எண்ணைச் சொல்லும் என்சிபிஐயின் nodes.dmp கோப்பைப் படித்து, பெற்றோர் இல்லாத முனை வரும்வரை மேலே ஏறு என்று ஒரு லூப். ஓடவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பில் வேர் முனையின் எண் 1, அதன் பெற்றோரும் 1! தனக்குத் தானே அப்பன். சில்க் போர்டு சிக்னலில் அசையாமல் நின்ற நேரத்தில்தான் இது உறைத்தது. 'எண்ணும் பெற்றோரும் ஒன்றானால் நில்' என்று ஒரே வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது.

அல்சூர் அக்கா:
ஓசூர்க்காரத் தம்பி, பாசில்லஸையும் தேடிப் பாருங்கள். பாக்டீரியாவோடு ஒரு குச்சிப்பூச்சியும் வரும். என் அறிக்கையில் அந்தப் பூச்சி தயிர் மாதிரிகளுக்குள் புகுந்து, கூட்டத்தில் எல்லோரும் சிரிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.