குழுவுக்கு முன்னால் நீந்துபவரின் பொறுப்பு: ஸ்கூபா, முக்குளிப்பு அனுபவப் பகிர்வு

நொய்யல்கரை, கோயமுத்தூர்

நம் பக்கத்தில் கடல் கிடையாது. இருந்தும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து ஸ்கூபா (முதுகில் காற்றுச் சிலிண்டரோடு நீருக்குள் மூச்சுவிட்டு நீந்துவது) கற்றுக்கொள்வதற்காகப் புதுச்சேரிக்கும் கோவளத்துக்கும் அந்தமானுக்கும் குழுக்குழுவாகக் கிளம்புகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட குழுவை ஊரிலிருந்து அழைத்துச் சென்றவர்கள், நீருக்குள் வழிநடத்தியவர்கள், படகில் நின்று தலைக்கணக்கு வைத்தவர்கள் என ஏதேனும் ஒரு பொறுப்பில் இருந்தவர்கள், அந்தப் பொறுப்பின் கனம் உறைத்த நாளைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் நானே எழுதிவிடுகிறேன். என்னுடைய நாள், நான் தவறு செய்த நாள்.

குழுவை நீருக்குள் நடத்திச் செல்லும் தகுதியான டைவ் மாஸ்டர் சான்றிதழ் வாங்கி அப்போது நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஒரு மையத்தின் படகில் ஆறு பேரை அழைத்துக்கொண்டு இறங்கினேன். ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு மருதமலை வரை சைக்கிள் ஓட்டும் நண்பர்கள். எல்லோரும் அடிப்படைப் பயிற்சி முடித்து, 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி பெற்றவர்கள். கைச்சைகைகளைப் படகிலேயே ஒருமுறை சொல்லிக் காட்டினேன். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால் நலம் என்று பொருள், கட்டைவிரலை மட்டும் உயர்த்தினால் மேலே போக வேண்டும் என்று பொருள் என்பது அனைவருக்கும் தெரியும்தான். ஆனால் நிலத்தில் நாம் நாள் முழுவதும் கட்டைவிரலை உயர்த்தி 'அருமை' என்று காட்டிப் பழகியவர்கள்.

சுமார் 14 மீட்டர் ஆழத்தில் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். எதற்கெடுத்தாலும் விரலை உயர்த்துவது அவருடைய வழக்கம். மீன் கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய்க் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, நானும் தலையசைத்துவிட்டுத் திரும்பினேன். அவரை நண்பராக அறிந்திருந்ததே என் கண்ணை மறைத்தது. முன்பின் அறியாத ஒருவர் அந்தச் சைகையைக் காட்டியிருந்தால் நான் நிச்சயமாக நின்றிருப்பேன். மீண்டும் திரும்பிப் பார்த்தபோது அவர் எனக்கு நான்கைந்து மீட்டர் மேலே இருந்தார். மாஸ்குக்குள் கண்கள் முழுதாக விரிந்திருந்தன. இடக்கை விரல்கள் மிதவை அங்கியின் காற்றேற்றும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தன. அந்த அங்கிக்குள் ஏறும் காற்று, மேலே போகப் போக விரிந்து, அவரை இன்னும் வேகமாக மேலே தூக்கும். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிறைத்த காற்று மேற்பரப்பில் இருமடங்கு இடம் கேட்கும் என்பதையும், பயத்தில் அவர் மூச்சை அடக்கிக்கொண்டால் நுரையீரல் கிழியலாம் என்பதையும் படித்தவன் நான். விரட்டிச் சென்று சுமார் 7 மீட்டரில் அவர் காலைப் பிடித்தேன்; அங்கியின் காற்றை வெளியேற்றி, அவர் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்து, குமிழிகள் சீராக வரும்வரை அங்கேயே நிறுத்தி, பிறகு மெதுவாக மேலே கொண்டுசென்றேன்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. கீழே மீதமிருந்த ஐந்து பேர், தங்களை நடத்திச் செல்பவர் எங்கே போனார் என்றே தெரியாமல், ஏறத்தாழ மூன்று நிமிடம் பாறை அருகே நின்றிருக்கிறார்கள். நான் விலக நேர்ந்தால் யார் பொறுப்பு, எல்லோரும் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே நான் சொல்லி வைக்கவில்லை. அவர்களாகவே ஒன்றுசேர்ந்து ஏறி வந்தார்கள். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

இப்போது இறங்குவதற்கு முன், குழுவின் வாலில் வருகிறவர் யார் என்று பெயர் சொல்லி நிறுத்துகிறேன். நான் ஒருவரை மேலே கொண்டுபோனால் மற்ற அனைவரும் அந்தக் கடைசி ஆளைச் சுற்றிச் சேர்ந்து, ஒன்றாக ஏறிவிட வேண்டும். சைகைகளை நான் செய்து காட்டுவதோடு விடுவதில்லை. ஒவ்வொருவரும் எனக்குத் திருப்பிச் செய்து காட்ட வேண்டும், இருபது ஆண்டு நண்பராக இருந்தாலும் சரி.

கீழ்பவானி, கோபிசெட்டிபாளையம்

அண்ணா எழுதியதைப் படித்ததும் எங்கள் தோட்டத்துக் கிணறு நினைவுக்கு வந்தது. ஸ்கூபாவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மூச்சடக்கி முங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோடை விடுமுறையில் பங்காளி வீட்டுப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தக் கிணற்றில் விழுந்து கிடப்போம். சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகுகிறவர்கள் ஒரு பக்கம், அடியில் கிடக்கும் கல்லை எடுத்து வருகிறோம் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். என் பெரியப்பா மேல்படியில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவனும் தன் செருப்பைக் கிணற்று மேட்டில் வரிசையாகக் கழற்றி வைக்க வேண்டும். மேலேறி வந்தவன் உடனே தன் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். கால் இல்லாத செருப்பு எத்தனை சோடி இருக்கிறதோ அத்தனை பேர் இன்னும் தண்ணீரில் இருக்கிறார்கள் என்பது அவருடைய கணக்கு. அவர் சொல்லும் இன்னொரு கட்டளை: "மேல ஒருத்தன் இருந்தாத்தான் கீழ ஒருத்தன் போகோணும்."

ஒரு நாள் என் சித்தப்பா மகன், யாரோ சொன்னதைக் கேட்டு, முங்குவதற்கு முன் இருபது முறை வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அன்றைக்கு எல்லோரையும்விட அதிக நேரம் அடியில் இருந்தான். கல்லோடு மேலே வந்தான், எங்களைப் பார்த்துச் சிரித்தான், கையை உயர்த்தினான். நாங்கள் கத்திக் கொண்டாடி முடிப்பதற்குள், அதே சிரிப்போடு, ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். அவன் மேலே வந்த பிறகும் கண்ணை எடுக்காமல் இருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். வேட்டியோடு குதித்து, முடியைப் பிடித்துத் தூக்கினார்.

பல ஆண்டுகள் கழித்து மூச்சடக்கி முக்குளிக்கும் பயிற்சிக்குச் சென்றபோதுதான் காரணம் விளங்கியது. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பைத் தருவது முக்கியமாக ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு விட்டு அதை முன்பே வெளியேற்றிவிட்டால், உயிர்வாயு தீர்ந்துகொண்டிருப்பது உடலுக்குத் தெரிவதில்லை. மேலே ஏறும்போது நீரின் அழுத்தம் குறைவதால், மிச்சமிருக்கும் கொஞ்ச உயிர்வாயுவின் அழுத்தமும் சட்டென்று இறங்கிவிடுகிறது; அதனால்தான் மேற்பரப்பை ஒட்டியோ, வெளியே வந்த சில நொடிகளிலோ நினைவு தப்புகிறது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்ற முறையையும், மேலே வந்தவரை இன்னும் 30 நொடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் பயிற்றுநர் கரும்பலகையில் எழுதியபோது, எனக்குப் பெரியப்பாவின் குரல்தான் கேட்டது.

பின்னலாடை நகர், திருப்பூர்

தம்பி சொன்ன செருப்புக் கணக்கை என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன். 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற ஒரு படகு, அமெரிக்கத் தம்பதியர் இருவரை நீரிலேயே விட்டுவிட்டுக் கரை திரும்பியது. அவர்களுடைய பை படகிலேயே கிடந்தும், அவர்கள் வரவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உணரப்பட்டது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதன் பிறகுதான் குயின்ஸ்லாந்தில் தலைக்கணக்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன. படகில் இருந்த பையைப் பார்த்து "இது யாருடையது?" என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் போதும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

நான் பயிற்றுநர். முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்து, பிறகு கடலுக்கு அழைத்துச் செல்கிறேன். நடத்திச் செல்பவர்களுக்கான தகுதிகளை அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன: ஸ்கூபா பயிற்சிக்குச் சான்றிதழ் வழங்கும் பி.ஏ.டி.ஐ. அமைப்பின் முறையில் டைவ் மாஸ்டராக 18 வயது நிறைந்திருக்க வேண்டும், மீட்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், பயிற்சி தொடங்க 40 முக்குளிப்புகளும் சான்றிதழ் பெற 60 முக்குளிப்புகளும் பதிவாகியிருக்க வேண்டும். முன் அனுபவம் இல்லாதவர்களைச் சும்மா ஒருமுறை பார்க்க அழைத்துச் சென்றால் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. இவையெல்லாம் தாளில் இருக்கின்றன, படித்துக்கொள்ளலாம். தாளில் இல்லாத ஒன்று நம் ஊரில் இருக்கிறது. அது முதலாளி.

பனியன் கம்பெனி உரிமையாளர் ஒருவர், நன்றாக உழைத்ததற்காகத் தம் தையல் பிரிவு மேற்பார்வையாளர்கள் எட்டுப் பேரைச் சொந்தச் செலவில் கடற்கரைக்கு அழைத்து வந்தார். நல்ல மனிதர், ஒருவர்கூட விடுபடக் கூடாது என்பது அவருடைய ஆசை. உடல்நலப் படிவத்தை எல்லோரும் மளமளவென்று 'இல்லை', 'இல்லை' என்று நிரப்பிக் கொடுத்தார்கள். அதில் ஒரு பெண்ணின் கைப்பையின் ஓரத்தில் நீல நிற இன்ஹேலரின் முனை தெரிந்தது. தனியே அழைத்துக் கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்கக்கா, பனிக்காலத்துல மட்டும்தானுங்க. மொதலாளி இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டியாந்திருக்காருங்க, போயே ஆகோணும்" என்றார்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று சிக்கிக்கொண்டால், ஏறும்போது அது விரிந்து வெளியேற வழியில்லாமல் திசுவைக் கிழித்துவிடலாம். மருத்துவர் பார்த்துத் தகுதி சொல்லாமல் அவரை இறக்க முடியாது. இதை முதலாளியிடம் அந்தப் பெண் சொல்ல வேண்டியிருந்தால், அவர் சொல்லியிருக்கவே மாட்டார். ஆகவே காரணம் எதையும் வெளியிடாமல், இன்று இவரை நான் இறக்கப் போவதில்லை, இது என் முடிவு என்று மட்டும் முதலாளியிடம் சொன்னேன். கோபப்பட்டார். மற்றவர்களுக்காகக் கட்டிய பணத்தையும் திருப்பிக் கேட்பேன் என்றார். தாராளமாகக் கேளுங்கள் என்றேன். அந்தப் பெண்ணைப் படகின் மேல்தளத்தில் என் உதவியாளர் அருகில் உட்காரவைத்து, யார் எத்தனை மணிக்கு இறங்கினார், எத்தனை மணிக்கு ஏறினார் என்று எழுதும் பலகையைக் கையில் கொடுத்தோம். அன்று எழுதப்பட்டதைப் போல அவ்வளவு தெளிவான பதிவை என் உதவியாளர்கள்கூட எழுதியதில்லை.

திருமூர்த்திமலை அடிவாரம், உடுமலை

நான் குழுவை நடத்தியவன் அல்ல, நடத்தப்பட்டவன். இரவெல்லாம் வேனில் உட்கார்ந்து கர்நாடகக் கடற்கரையில் உள்ள முருடேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம். படகு தீவை நெருங்கியதும் எங்கள் பயிற்றுநர் நங்கூரக் கயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்தார். கயிறு வீணைத் தந்திபோல அதிர்ந்துகொண்டிருந்தது. "நீரோட்டம் அதிகம். திரும்புகிறோம்" என்றார். ஒன்பது பேரும் முணுமுணுத்தோம், நான் சற்று உரக்கவே. அவர் விவாதிக்கவில்லை, எங்கள் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக மூடி வைக்கத் தொடங்கினார். அன்று அவரிடம் பேசியதற்காகப் பிறகு தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

கல்லாறு, மேட்டுப்பாளையம்

எல்லோரும் தண்ணீருக்குள் நடந்ததை எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குழுவுக்கு நேர்ந்தது நீரைவிட்டு வெளியே வந்து பதின்மூன்று மணி நேரம் கழித்து, மலைப்பாதையில்.

நான் குழு ஒருங்கிணைப்பாளர். நீருக்குள் நடத்தியவர் மையத்தின் ஆள். ஒரே நாளில் இரண்டு முறை இறங்கி, இரண்டாவது முறை மதியம் மூன்று மணிக்கு முடிந்தது. மாலையே வண்டியைக் கிளப்பினோம். எங்களில் இருவர் உதகையில் வேலை பார்ப்பவர்கள். திங்கட்கிழமை காலை பணிக்குச் சேர வேண்டும் என்பதால், மேட்டுப்பாளையத்தில் என்னை இறக்கிவிட்டு அப்படியே மேலே போவது என்று திட்டம். நானும் கூடவே போய் வருகிறேன் என்று வண்டியில் இருந்துவிட்டேன். விடியற்காலை நான்கு மணி இருக்கும். புர்லியார் தாண்டியதும் அவர்களில் ஒருவர் வலது தோளைப் பிசைந்துகொண்டே இருந்தார். தூங்கிய வாக்கில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தோம். குன்னூர் நெருங்க நெருங்க வலி முழங்கைவரை இறங்கி, விரல்கள் மரத்துவிட்டன. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வண்டியை அங்கேயே திருப்பி, கோவையில் ஒரு மருத்துவமனையில் உயிர்வாயு கொடுக்கச் செய்தோம். முக்குளித்துவிட்டு வந்தவர் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொன்னது மட்டும்தான் அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம். அவர் குணமடைந்துவிட்டார்.

முக்குளித்த பின் விமானத்தில் ஏறக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதற்குள் சுற்றியுள்ள காற்றழுத்தம் குறைந்தால், சோடா மூடியைத் திறந்ததுபோல அது குமிழியாகிவிடும்; அந்தத் தோள்வலியும் மரத்துப்போனதும் அதனால்தான். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும் என்பது பொது வழிகாட்டுதல். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். உதகையின் உயரமோ சுமார் 2,240 மீட்டர். விமான டிக்கெட் எடுத்திருந்தால் நாள் பார்த்துப் போட்டிருப்போம். சொந்த வண்டி என்பதால் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைக் கடற்கரையில் இருக்கும் பயிற்றுநர் நமக்கு நினைவூட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. நாம் வீடு திரும்பும் வழியில் மலை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டிப் போகிறவர் வைத்திருக்க வேண்டிய கணக்கு இது. வால்பாறைக்கும் கோத்தகிரிக்கும் திரும்புகிறவர்களுக்கும் இதுவே.

அதற்குப் பிறகு, கடைசி முக்குளிப்பு முடிந்த நேரத்தைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஓட்டுநர் பார்க்கும்படி வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிவிடுகிறேன். போன மாதம் சென்ற பயணத்தில் அதில் 'சனி மதியம் 1:40' என்று இருந்தது. இரவு எல்லோரும் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் படுத்துக்கொண்டார்கள். ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டு, 18 மணி நேரம் முடிந்து 7:40 கடந்த பிறகுதான் வண்டி மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டியது.