ரத்தம் வராத ஈறு: முகாமிலும் கிளினிக்கிலும் மறக்காத ஒரு வாய் (அனுபவப் பகிர்வு)

ஈறுக்காரி

மறக்காத ஒரு வாயைப் பற்றி எழுதச் சொன்னதற்கு இங்கே எல்லாரும் பல் பிடுங்கிய கதையாகவே எழுதுகிறீர்கள். நான் பல் மருத்துவ மாணவர்களுக்கு ஈறு நோய் சொல்லித் தருகிறவள், அதனால் ஈறுக் கதை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் முகாம். பிளாஸ்டிக் நாற்காலி, டார்ச், கண்ணாடி, புரோப் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் அளக்கும் மெல்லிய கம்பி). மாணவர்கள் பார்ப்பார்கள், நான் பின்னால் நின்று சரிபார்ப்பேன்.

ஒரு பெரியவர் வந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர், சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. மாணவன் வாயின் ஆறு பகுதியையும் பார்த்து முடித்துவிட்டு, "ஈறு கெட்டியா இருக்கு டாக்டர், ரத்தமே வரல. பல்லில் இறுகின காறை மட்டும்தான், கோட் 2" என்றான். சுத்தம் செய்தால் போதும் என்று அர்த்தம். பார்வைக்கு அவன் சொன்னது சரிதான். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் அவன் புரோப்பை விட்டு எடுத்த வேகத்தில், ஆழம் காட்டும் அதன் கறுப்புப் பட்டை எங்கே நின்றது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

மில்லிமீட்டர் கோடு போட்ட புரோப்பை வாங்கி, மேல் கடைவாய்ப் பல்லைச் சுற்றி மெதுவாக நடத்தினேன். 3. 3. அதுவரை பயமில்லை. அடுத்த இடத்தில் சட்டென்று உள்ளே இறங்கியது. 9. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மாணவன் வாயடைத்து நிற்க, பெரியவர்தான் கேட்டார்: "அவ்வளவு தூரமா போகுது, அம்மா?"

புகைபிடிக்கிறவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். இது அந்த வகுப்பில் எல்லாரும் எழுதி மார்க் வாங்கிய பதில். எண் கையில் கிடைத்ததும் அவனே ஸ்டேஜ் 3 (முற்றிய நிலை), கிரேடு சி (வேகமாக அழிக்கும் வகை) என்று கடகடவென்று ஒப்பித்தான். நாளுக்கு 10 சிகரெட்டும் அதற்கு மேலும் என்றால் சி, அதிலும் தவறில்லை. தலைக்குத் தெரிந்தது கைக்கு வரவில்லை. 20, 25 கிராம் அழுத்தம் போதும் என்று தராசில் அழுத்திப் பழக்குகிறோம். பல்லைச் சுற்றி ஆறு இடத்திலும் அவசரப்படாமல் நடக்கப் பழக்க எந்தத் தராசும் இல்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது பெரியவர் எழுந்து போகும்போது சொன்னதுதான். "அந்தக் காலத்துல தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஐயா சொன்னாரும்மா, ஈறுல ரத்தம் வந்தா வா, இல்லாட்டி வேலையைப் பாருன்னு. நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன், வரவே இல்ல." அந்த டிரெசர் மேல் குற்றம் சொல்ல முடியுமா? எனக்குத் தெரியவில்லை.

பாதி டாக்டர்

நான் இறுதியாண்டு. டாக்டர் சொன்ன அந்த மாணவன் நானில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வந்தவர் ஒரு பாட்டி. தோட்டத்திலிருந்து வேனில் கல்லூரி கிளினிக்குக்குக் கூட்டி வந்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு போடுகிறவர். கீழ் முன்பற்களின் உட்பக்கம் முழுக்கக் காறை. பல்லுக்குப் பல் இடைவெளியே தெரியாமல் ஒரே சுவர். அதிர்ந்து காறையைப் பெயர்க்கும் அல்ட்ராசோனிக் மிஷினின் நுனியை வைத்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய துண்டு அப்படியே பெயர்ந்து கிண்ணத்தில் டங்கென்று விழுந்தது. மனதுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம், இந்த மாதிரி ஒரு துண்டு எந்த மாணவனுக்கும் கனவு.

பாட்டி எழுந்து உட்கார்ந்து நாக்கால் துழாவினார். "பல்லை உடைச்சிட்டியே தம்பி!"

கண்ணாடியைக் காட்டினேன். எக்ஸ்ரேயைக் காட்டினேன். பல் உடையவில்லை, அது காறை, எலும்பு முன்னமே கரைந்துவிட்டது, அதனால்தான் இப்போது பல் ஆடுவது தெரிகிறது என்று எனக்குத் தெரிந்த தமிழில் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அப்போ இவ்வளவு நாளா அதுதானே பல்லைப் பிடிச்சிக்கிட்டு இருந்துச்சு? அதை ஏன் எடுத்தே?"

என்ன பதில் சொல்வது? காறையின் மேல் கிருமிப் படலம் உட்காரும், அதனால் ஈறு வீங்கும், எலும்பு இறங்கும் என்பதெல்லாம் சரி. ஆனால் அவர் கேட்ட கேள்வியும் சரியான கேள்வி. அந்தத் துண்டைத் திசுத்தாளில் சுற்றிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார், மகனிடம் காட்ட வேண்டுமாம். அடுத்த வேனில் அவர் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "உடைக்காம பாருங்க தம்பி."

வேப்பங்குச்சி

தம்பி, பாட்டி கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். மிஷினை வைத்துச் சுரண்டினால் பல் ஆடத்தான் செய்யும். என் மாமாவுக்கும் இதேதான் நடந்தது, ஸ்கேலிங் (காறை சுரண்டுவது) செய்த பிறகு மூன்று பல் ஆடி விழுந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று சும்மாவா சொன்னார்கள்? என் தாத்தா கித்தா மரம் வெட்டியவர். பிரஷ் பிடித்ததே இல்லை, வேப்பங்குச்சியும் உமிக்கரியும்தான். சாகும்வரை கரும்பு கடித்தார். எல்லாரும் இன்றைக்கே தொடங்கலாம்: காலையில் வேப்பங்குச்சியை மென்று நார் வந்ததும் தேய்க்க வேண்டும், அப்புறம் உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் கொப்பளிக்க வேண்டும், இரவில் கரித்தூளோடு கிராம்பைப் பொடித்துச் சேர்த்து விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிரஷ் வேண்டாம், அது ஈறைக் கிழிக்கும். கிளினிக்கில் ஸ்கேலிங் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காசும் மிச்சம்.

பல் மிஸ்ஸி (ஓய்வு)

வேப்பங்குச்சி அண்ணே, உப்புத் தண்ணீரோடு நிறுத்தியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கரித்தூளை அழுத்தித் தேய்த்தால் பல்லின் கழுத்து தேய்ந்து பள்ளம் விழும். பல் நர்ஸாகப் பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை போனது. பிரஷ் ஈறைக் கிழிக்காது, கெட்டியான பிரஷை வைத்து மாட்டைத் தேய்ப்பதுபோல் தேய்த்தால்தான் கிழிக்கும். மெல்லிய தூரிகை, ஈறின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன அசைவு. குச்சியானாலும் பிரஷானாலும் பல்லிடுக்கில் நுழையாது. ஈறு நோய் தொடங்குவதே பெரும்பாலும் அந்த இடுக்கில்தான், அதற்கென்று குட்டி பிரஷ் விற்கிறார்கள். இடுக்குக்குத் தகுந்த அளவு வாங்க வேண்டும். லேசாக இறுக்கிப் போக வேண்டும், திணிக்கக் கூடாது. இடைவெளியே இல்லாத பல்லுக்கு நூல். முதல் சில நாள் ரத்தம் வரும், பயந்து நிறுத்தாதீர்கள், தொடர்ந்து செய்தால் குறையும். குறையவில்லை என்றால் காட்டிப் பாருங்கள். பொய்ப்பல் போட்டிருப்பவர்கள் இரவில் கழற்றி வையுங்கள். இனிப்பு நீர் இருந்தால் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள், ஈறும் சர்க்கரையும் ஒன்றையொன்று கெடுக்கும். உங்கள் மாமாவின் பல் ஸ்கேலிங்கால் விழவில்லை, அது முன்னமே எலும்புப் பிடிப்பில்லாமல் நின்றது.

என் கதை சின்னது. இடைநிலைப் பள்ளியில் ஒரு பெண், பதினைந்து வயது. வாய் அவ்வளவு சுத்தம், காறையே இல்லை. முன்பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுகிறது என்று அம்மா கூட்டி வந்திருந்தார். கம்பி போட்டால் சரியாகிவிடும் என்று அங்கிருந்த எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, பார்வையிட வந்திருந்த ஒரு மாணவி மட்டும் பேசாமல் புரோப்பை எடுத்து முதல் கடைவாய்ப் பற்கள் நாலையும் அளந்தாள். எல்லாமே ஆழம். முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் மட்டும் பாதிக்கும் அந்த வகை ஈறு நோய். அழுக்குக்கும் அழிவுக்கும் பொருத்தமே இருக்காது, குடும்பத்தில் ஓடும். மருத்துவரிடம் அனுப்பினோம். ஆழமாகச் சுத்தம் செய்து இரண்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், நன்றாகவே கேட்டது.

தங்கையையும் கூட்டி வரச் சொல்லியிருந்தோம். அதற்குள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குப் போய்விட்டன. கொடுத்த போன் எண் வேலை செய்யவில்லை. அந்தச் சின்னவளுக்கு இப்போது எத்தனை வயதிருக்கும் என்று அடிக்கடி கணக்குப் போடுகிறேன்.

பிரஷர் மாத்திரை

நான் பல் ஆள் இல்லை, லோரி ஓட்டுகிறேன். அம்மாவுக்கு ஈறு வளர்ந்து பல்லைப் பாதி மூடிவிட்டது. தனியார் கிளினிக்கில் வாய் கழுவும் மருந்தாக வாங்கி வாங்கி அலுத்துப் போனோம். கடைசியில் மாணவர்கள் பார்க்கும் இடத்துக்குப் போனோம். சின்னப் பெண், கை லேசாக நடுங்கியது. அவள் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் கேட்டாள்: "அம்மா, வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க? பையில இருந்தா காட்டுங்க." பிரஷருக்கான அம்லோடிபின். அதற்கு இப்படி ஒரு குணம் உண்டாம், பல் சுத்தமில்லை என்றால் இன்னும் மோசமாகுமாம். மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி, மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து, சுத்தம் செய்துவிட்டார்கள். மாத்திரையை மாற்றினார்கள், ஈறு இறங்கியது. அவ்வளவு நேரம் எடுத்து எந்தப் பெரிய டாக்டரும் எங்களைப் பார்த்ததில்லை. நேரம்தான் அதிகம், மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

கங்காணி பேரன்

எல்லாம் சரி, ஒரு விஷயம் யாரும் பேசவில்லை. ஏன் எப்போதும் தோட்டத்து வாய்? மாணவர் பழகுவதற்கு நம் ஆள்தான் கிடைத்தானா? ஈறு நோய்ப் பாடத்தில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு, ஈறுக்காரி டாக்டருக்குத் தெரிந்திருக்கும். ஹரால்ட் லோவும் கூட்டாளிகளும் செய்தது. 1970இல் தொடங்கி 15 ஆண்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் 480 தொழிலாளர்களைப் பார்த்தார்கள். பல் துலக்கும் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. நோய் தன் போக்கில் எப்படிப் போகிறது என்று அளந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டம் என்றால் அங்கே வேலை செய்தது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அண்ணன் மகள் பல் படிக்கிறாள், அவள் நோட்டில் அந்த வரைபடத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அளந்தவர்களுக்குப் பேர், அளக்கப்பட்டவர்களுக்கு என்ன?

பாதி டாக்டர்

அண்ணே, கோபம் புரிகிறது. ஆனால் மேலே லோரி ஓட்டும் அண்ணன் எழுதியதையும் படியுங்கள். அந்தப் பெண் அவர் அம்மாவை வைத்துப் பழகினாள், அம்மாவுக்கும் நல்லது நடந்தது. பழகாமல் எப்படி வரும்? பிளாஸ்டிக் தலையில் ஈறு கிழியாது, எச்சில் வராது, "அதை ஏன் எடுத்தே" என்று கேட்காது.

கங்காணி பேரன்

பழகு தம்பி, வேண்டாம் என்று சொல்லவில்லை. பழகிவிட்டு எங்கே கிளினிக் போடப் போகிறாய், ஈப்போவிலா, கோலாலம்பூரிலா? அதைச் சொல்.

வேப்பங்குச்சி

துலக்காத ஆட்களைப் பார்த்த ஆய்வு என்கிறீர்களே, அதில் எல்லார் பல்லும் விழுந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள். என் தாத்தா கதை பொய்யில்லை.

ஈறுக்காரி

வேப்பங்குச்சி, உங்கள் தாத்தா கதையை நான் நம்புகிறேன். அந்த ஆய்விலேயே அதற்கு இடம் இருக்கிறது. அத்தனை பேர் வாயிலும் அழுக்கும் காறையும் இருந்தும், சுமார் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் போகவில்லை. 81 சதவீதம் பேருக்கு மெதுவாகப் போனது. 8 சதவீதம் பேருக்கு வேகமாக அழித்தது. தாத்தா அந்த 11இல் ஒருவராக இருக்கலாம். பேரனும் அதில்தான் இருக்கிறீர்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, புரோப் வைத்துத்தான் சொல்ல முடியும். முகாமுக்கு வாருங்கள், மெதுவாக நடக்கத் தெரிந்த மாணவனாகப் பார்த்து விடுகிறேன்.

கங்காணி பேரன், நீங்கள் கேட்டதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அந்த வரைபடத்தைக் காட்டும் வகுப்பில் அவர்கள் யார், ஏன் வைத்தியம் இல்லாமல் இருந்தார்கள் என்று நான் சொல்வதுண்டு, மாணவர்கள் குறிப்பெடுப்பதை நிறுத்திவிடுவார்கள், பரீட்சையில் வராதே. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விழுந்த ஆழமான பைக்கு ஒரு நாள் சுத்தம் செய்து அனுப்புவது வைத்தியமே இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். முகாம் போடுகிறவர்கள் அந்த இரண்டாவது தேதிக்குப் பணம் ஒதுக்குவதில்லை. என் சண்டை முழுக்க அதில்தான்.

பல் மிஸ்ஸி (ஓய்வு)

டாக்டர், இரண்டாவது தேதி வைத்தால் காலையில் வைக்காதீர்கள். எட்டு மணிக்கு முகாம் என்றால் பால் வெட்டுகிறவர்களும் குலை வெட்டுகிறவர்களும் காட்டில்தான் இருப்பார்கள், வருவது பிள்ளைகளும் வேலை இல்லாத வயதானவர்களும்தான். மூன்று மணிக்கு மேல் வையுங்கள். சம்பள நாளும் வேண்டாம், அன்றைக்கு எல்லாரும் டவுனுக்குப் போய்விடுவார்கள். மண்டபச் சாவி கோயில் தலைவரிடம் இருக்கும், ஒரு வாரம் முன்னதாகவே கேளுங்கள்.